இன்டிசைன் இல்லாத கணினியில் இன்டிசைன் கோப்பு
கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்குப் பக்கம் கட்டும் வேலையை வெளியில் கொடுத்திருந்தோம். அவர் பென்டிரைவில் தந்த கோப்பின் பெயர் 'ஐஎன்டிடி' என்று முடிகிறது. சொடுக்கினால், எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் நம்மையே திருப்பிக் கேட்கிறது. பெயரின் கடைசிப் பகுதியை பிடிஎஃப் என்று மாற்றியும் பார்த்தோம். கோப்பு பழுது என்கிறது. அச்சுக்குப் போகுமுன் தலைமையாசிரியர் எல்லாப் பக்கங்களையும் பார்த்தாக வேண்டும். இதற்காக மென்பொருளை வாங்கத்தான் வேண்டுமா?
– ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம், டீச்சர். பெயரை மாற்றியதால் கோப்பு கெட்டிருக்காது. பழைய பெயரையே திரும்ப வைத்துவிடுங்கள். ஐஎன்டிடி என்பது, பக்கம் கட்டும் மென்பொருளான அடோபி இன்டிசைனின் சொந்த வேலைக்கோப்பு. அதைப் பக்கமாக விரித்துக் காட்ட இன்டிசைனால்தான் முடியும். பார்ப்பதற்கு என்று இருப்பது பிடிஎஃப். ஆகவே பக்கம் கட்டியவர் தொலைபேசியை எடுக்கும் ஆளாக இருந்தால், அவரிடம் பிடிஎஃப் கேட்பதுதான் முதல் வேலை. அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

கேட்கும்போது விவரமாகக் கேளுங்கள். வெறுமனே 'பிடிஎஃப் அனுப்புங்கள்' என்றால், வாட்ஸ்அப்பில் போகட்டும் என்று 'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்' அமைப்பில் ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அதில் படங்களின் தரம் குறைக்கப்பட்டிருக்கும். வகுப்புப் படத்தில் கடைசி வரிசைப் பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அச்சகத்துக்குப் போகப்போகிற அதே பிடிஎஃப்பைக் கேளுங்கள்: 'பிடிஎஃப் எக்ஸ்-4' அமைப்பு, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் கூடுதல் பகுதி), வெட்டுக்குறிகள், இரட்டைப் பக்கமாக இல்லாமல் தனித்தனிப் பக்கம். அச்சகம் வேறு அமைப்பு சொல்லியிருந்தால் அதன்படி.

வந்ததை இலவச அக்ரோபாட் ரீடரில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போனால் மலரில் உள்ள எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று, அதாவது எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதாக, இருக்க வேண்டும். ஒரே ஒரு தமிழ் எழுத்துருவுக்கு அது இல்லை என்றாலும் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் திரையில் சரியாகத் தெரிந்தாலும் அச்சகத்தில் தெரியாமல் போகலாம். நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால், மொத்தப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடுகிறதா என்பதையும் அப்போதே எண்ணிவிடலாம்.

ஆள் கிடைக்கவில்லை என்றால், பென்டிரைவை முழுக்கத் துழாவுங்கள். 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்', 'லிங்க்ஸ்' என்ற பெயரில் இரண்டு உறைகள் (ஃபோல்டர்கள்) இருந்தால், அவர் இன்டிசைனின் 'பேக்கேஜ்' கட்டளையைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். அப்படிச் செய்யும்போது ஐஎன்டிடியோடு அதே பெயரில் ஒரு பிடிஎஃப்பும் ஓர் ஐடிஎம்எல் கோப்பும் (அது என்ன என்பது அடுத்த பதிலில்) சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. கையில் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டே அது இல்லை என்று தேடுபவர்கள் நிறைய.

அதுவும் இல்லையென்றால், கோப்புகளை உலாவிப் பார்க்கும் செயலியான அடோபி பிரிட்ஜ். சந்தா கட்டாமல் இலவச அடோபி கணக்கு ஒன்று மட்டும் வைத்து இறக்கிக்கொள்ளலாம். பிரிட்ஜில் அந்த உறைக்குப் போய்க் கோப்பை ஒரு முறை சொடுக்கினால் 'பிரிவியூ' பலகத்தில் பக்கம் தெரியும். கீழே உள்ள அம்புக்குறியால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டே பக்கம் காட்டிவிட்டு நின்றுவிடும்; அல்லது எழுத்து எறும்பு ஊர்ந்தது போலத் தெரியும். குறை பிரிட்ஜில் இல்லை. அது பக்கத்தைத் தானாக அமைத்துக் காட்டுவதில்லை. சேமிக்கும்போது இன்டிசைன் கோப்புக்குள் போட்டுவைத்த சிறு படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறது. எத்தனை பக்கத்துக்குப் படம், எவ்வளவு பெரிய படம் என்பது இன்டிசைனின் 'பிரிஃபரன்சஸ்', 'ஃபைல் ஹேண்ட்லிங்' பகுதியில் இருக்கிறது. முதல் பக்கம் மட்டும், முதல் 2, 5, 10, எல்லாப் பக்கமும் என்று தேர்வுகள். அளவு 128 பிக்சலில் தொடங்கி 1024 வரை. படமே சேமிக்காதபடி அணைத்தும் வைக்கலாம். அப்படியிருந்தால் உங்களுக்கு வெறும் சின்னம்தான் தெரியும்.

அந்த 1024 பிக்சலுமே பிழை பார்க்கப் போதாது. ஏ4 பக்கத்தின் உயரம் 297 மில்லிமீட்டர். அதை 1024 பிக்சலில் அடக்கினால், 10 பாயின்ட் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 12 பிக்சல் உயரம். 256 பிக்சல் படமென்றால் மூன்று பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, 'ன'வா 'ண'வா என்பதெல்லாம் அதில் தெரியாது. பக்க வரிசை, படம் இருக்கும் இடம், தலைப்பு, நிறம் இவற்றைப் பார்க்க பிரிட்ஜ் போதும். பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் போதாது.

கடைசி வழி, இன்டிசைனின் ஏழு நாள் இலவசச் சோதனை. கடன் அட்டை எண் கேட்கும். நாள் முடிந்ததும் பணம் பிடிக்கத் தொடங்கும். ஆறாம் நாளுக்குக் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிட்டு இறங்குங்கள். ஐஎன்டிடியை மட்டும் தனியாக வேறு கணினிக்குக் கொண்டுபோக வேண்டாம். உறை முழுவதையும் நகலெடுங்கள். படங்கள் வழக்கமாக ஐஎன்டிடிக்குள் இருப்பதில்லை, வெளியே உள்ள படத்துக்கு ஒரு சுட்டி மட்டும்தான் உள்ளே இருக்கும். சுட்டி அறுந்தால் திரையில் மங்கலான மாதிரிப் படம் தெரியும். 'லிங்க்ஸ்' பலகத்தில் சிவப்புக் கேள்விக்குறி நிற்கும். எழுத்துரு இல்லாத வரிகள் இளஞ்சிவப்புப் பின்னணியோடு தெரியும். இரண்டும் இல்லாமல் திறந்தால் உடனே பிடிஎஃப் ஏற்றுமதி செய்து, முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய இன்டிசைன் சிஎஸ்6 உண்டு. ஆனாலும் ஒரு கோப்பு, புதிய பதிப்பில் செய்யப்பட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐடிஎம்எல் கேள் என்கிறார்கள், அது என்ன?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பதிப்பைக் கண்டுபிடிக்க நோட்பேட்++ போதும். கோப்பின் நகல் ஒன்றை அதில் திறங்கள். கண்டபடி குறிகளாகத் தெரியும். தொடக்கத்திலேயே 'டாக்குமென்ட்' என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தால் அது உண்மையான இன்டிசைன் கோப்புதான். பிறகு 'கிரியேட்டர்டூல்' என்பதை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல், தேடுங்கள். பக்கத்திலேயே மென்பொருளின் பெயரும் எண்ணும் இருக்கும். சிஎஸ்6 என்பது 8. அதற்கு மேல் எந்த எண் இருந்தாலும் உங்களிடம் திறக்காது. 14 முதல் வரும் எண்களோடு 2005-ஐக் கூட்டினால் பதிப்பின் ஆண்டுப் பெயர் கிடைத்துவிடும்: 16 என்றால் 2021. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நகலில் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஐடிஎம்எல் என்பது, அதே ஆவணத்தைப் பிற பதிப்புகளும் பிற மென்பொருள்களும் படிக்கும்படி வெளியே எடுத்த வடிவம். சிஎஸ்4 காலத்தில், 2008-இல் வந்தது. புதிய பதிப்பு வைத்திருப்பவர் 'ஃபைல்', 'சேவ் ஆஸ்' போய் ஐடிஎம்எல் வகையைத் தேர்ந்தால் போதும். அதை உங்கள் சிஎஸ்6 திறக்கும். புதிய பதிப்பில் மட்டும் உள்ள வசதிகள் உதிர்ந்துபோகும், சில இடங்களில் வரி உடைவது மாறும். ஒரு பத்தி ஒரு வரி கூடினால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் தள்ளிப்போகும். எனவே பிடிஎஃப் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் விடாதீர்கள்.

சிஎஸ்6 இல்லாதவர்களுக்கும் ஐடிஎம்எல் உதவும். பக்கம் கட்டும் மென்பொருளான ஸ்க்ரைபஸ் 1.6 அதை ஏற்றுக்கொள்ளும், முழுக்க இலவசம். அதே வகை மென்பொருளான அஃபினிட்டியும் ஏற்கும், 2025 அக்டோபரில் வந்த புதிய அஃபினிட்டி, கேன்வா கணக்கு இருந்தால் இலவசம். இரண்டுமே ஐஎன்டிடியை நேரடியாகத் திறக்காது. இணையத்தில் 'இன்டிசைனுக்கு இலவச மாற்று' என்று படித்துவிட்டு நாள் முழுக்கப் போராடுபவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்காதவர்கள்.

தமிழுக்கு ஒரு கூடுதல் சோதனை. எதில் திறந்தாலும் முதல் பத்தியில் 'கொ', 'கே', 'கை' வரும் சொற்களைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கினால், அந்த மென்பொருளுக்கு யூனிகோடு (இன்றைய பொதுக் குறியேற்றம்) தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். கோப்பில் பிழை இல்லை. ஸ்க்ரைபஸ் 1.4-இலும் அஃபினிட்டி 2 வரையிலும் இந்தத் தொல்லை உண்டு. ஸ்க்ரைபஸ் 1.6 சரியாகக் கோக்கும். இன்டிசைனிலேயே 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்ந்திருந்தால்தான் தமிழ் ஒழுங்காக நிற்கும்.

கட்டுரைகளின் உரை மட்டும் போதும் என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். ஐடிஎம்எல் உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகலெடுத்துப் பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றி விரியுங்கள். (டீச்சர் செய்த பெயர் மாற்றம் இங்கே மட்டும் பலிக்கும்.) உள்ளே 'ஸ்டோரீஸ்' என்ற உறையில், ஒவ்வோர் உரைத்தொடருக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் 'கன்டென்ட்' என்ற குறிகளுக்கு இடையே உரை வரிவரியாகக் கிடக்கும். 'ரிசோர்சஸ்' உறையில் எழுத்துருக்களின் பட்டியல்.

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரை மறுபதிப்புச் செய்ய வேண்டும். பழைய சிடியில் இருப்பவை எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள், பெயரின் முடிவில் 'பி65'. அந்த அச்சகம் இப்போது இல்லை. திறக்க வழி உண்டா, ஐயா?
– கோயில் செயலாளர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உண்டு, ஐயா. முதலில் சிடியில் உள்ளதை முழுவதுமாகக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள்; எழுத்துருக் கோப்பு எதையும் விட்டுவிட வேண்டாம். 'பி65' என்பது பேஜ்மேக்கர் 6.5, 7.0 என்றால் 'பிஎம்டி'. 2001-இல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு.

லிப்ரே ஆஃபிஸை இறக்குங்கள், இலவசம். அதில் உள்ள 'டிரா' செயலி பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். 'ஃபைல்', 'ஓப்பன்' போய்க் கோப்பைத் தேர்ந்தாலே போதும். பக்கங்கள் இடப்பக்கம் வரிசையாக வரும். உரைப்பெட்டிகள் அங்கங்கே நகர்ந்திருக்கும், வெளியே இருந்த படங்கள் இடம் காலியாக வரலாம். கண்ணால் பார்க்கவும் உரையை எடுக்கவும் இது போதும். அப்படியே அச்சுக்கு அனுப்பும் தரம் இருக்காது. அதற்கு இன்டிசைன் சிஎஸ்6 வைத்திருக்கும் யாரையாவது பிடியுங்கள். பேஜ்மேக்கர் 6 முதல் 7 வரையிலான கோப்புகளை மாற்றித் திறந்த கடைசிப் பதிப்பு அது. பிந்தைய சிசி (கிரியேட்டிவ் கிளவுட்) பதிப்புகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே 'லேட்டஸ்ட் இன்டிசைன் இருக்கு, கொண்டாங்க' என்று சொல்லும் கடைக்கு அலைய வேண்டாம்.

பெரிய தொல்லை எழுத்துருவில் இருக்கும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் செய்த பக்கத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லின் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்துச் சிடியையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அந்த வரியில் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே பெயரில் 'டிடிஎஃப்' கோப்பு சிடியில் இருந்தால், வலப்பக்கச் சொடுக்கில் நிறுவிவிட்டு லிப்ரே ஆஃபிஸை மூடித் திறங்கள். தமிழ் வந்துவிடும். 'பிஎஃப்பி', 'பிஎஃப்எம்' என்று ஜோடியாக இருந்தால் அவை டைப் 1 எழுத்துருக்கள். லிப்ரே ஆஃபிஸ் இப்போது அவற்றை ஏற்பதில்லை; அடோபியும் 2023 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய சிஎஸ்6 கணினி இங்கேயும் கைகொடுக்கும்.

மறுபதிப்பு என்பதால் உரையை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றத்தைக் கேட்கும். எழுத்துருவின் பெயரை வைத்து ஊகிக்க முடியாவிட்டால், ஒரே பத்தியை ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். எதில் படிக்க வருகிறதோ அதுதான். மாற்றியபின் 'ரி' வரும் சொற்களை மட்டும் தேடித் தேடிப் பாருங்கள். பழைய தட்டச்சில் 'ர'வுக்குப் பதிலாகத் துணைக்காலைத் தட்டி அதன்மேல் கொக்கியைப் போட்டுவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் அது 'ர' இல்லை, வெறும் கால்; நடுவில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். நன்கொடையாளர் பட்டியலில் மாரிமுத்துவும் ஹரிதாசும் இப்படி உடைந்து கிடந்தால் யார் பதில் சொல்வது? 'ஸ்ரீ', 'ஔ' இரண்டையும் அப்படியே சரிபாருங்கள்.

கேள்வி: பப்ளிஷர், குவார்க் எக்ஸ்பிரஸ் கோப்புகளுக்கு?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரின் 'பப்' கோப்புகளையும் லிப்ரே ஆஃபிஸ் டிரா திறக்கும். எளிய அழைப்பிதழ், துண்டறிக்கை நன்றாகவே வரும்; அலங்கார எழுத்து சிதையும். பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபரோடு முடிகிறது என்றும், அதன்பின் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்களால் அதில் கோப்புகளைத் திறக்க முடியாது என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. பப்ளிஷர் திறக்கும் கணினி ஒன்று கைக்கு எட்டும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவையுங்கள். குவார்க்கில் பதிப்பு 3, 4 என்றால் டிராவில் முயலலாம். அதற்குப் பிந்தியது என்றால் பிடிஎஃப் கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

கேள்வி: ஐஎன்டிடியைப் பதிவேற்றினால் பிடிஎஃப் ஆக்கித் தரும் இலவச இணையதளங்களை நம்பலாமா?
– கல்லூரி மாணவி, செராஸ், கோலாலம்பூர்

பதில்: நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அறிமுகமில்லாத தளத்தில் ஏற்றிய கோப்பு எங்கே தங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளி மலரில் பிள்ளைகளின் படமும் பெயரும் இருக்கின்றன. தரமும் நிச்சயமில்லை. நீங்கள் ஏற்றுவது ஐஎன்டிடி ஒன்றை மட்டும்; எழுத்துருவும் படமும் இங்கேயே கிடக்கும்போது, அங்கே உள்ளது எந்த மென்பொருளானாலும் பக்கத்தை முழுமையாகக் கட்ட முடியாது. உள்ளே இருக்கும் சிறு மாதிரிப் படத்தை மட்டும் உருவி பிடிஎஃப்பாகக் கொடுத்தால், பிரிட்ஜில் பார்த்த அதே மங்கல்தான்.

கேள்வி: பிழை திருத்துவது என் பொறுப்பு. இப்போது திரையைப் படம் பிடித்து, வட்டம் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாதி திருத்தம் விட்டுப்போகிறது. நான் இன்டிசைன் கற்க வேண்டுமா?
– மெய்ப்புப் பார்ப்பவர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: தேவையில்லை. பிடிஎஃப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து, குறிப்புக் கருவிகளில் அடித்தல், மாற்றி எழுதுதல், இடையில் சேர்த்தல் ஆகிய மூன்றை மட்டும் பயன்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டுச்சீட்டைத் தவிருங்கள். எந்தச் சொல்லுக்குச் சொன்னீர்கள் என்று பக்கம் கட்டுபவர் தேட வேண்டியிருக்கும். சேமித்து அனுப்பினால், இன்டிசைன் 2019 முதலான பதிப்புகளில் அவர் 'இம்போர்ட் பிடிஎஃப் கமென்ட்ஸ்' வழியாக உங்கள் குறிப்புகளை நேரே பக்கத்துக்குள் கொண்டுவரலாம். ஒவ்வொரு குறிப்பும் பட்டியலில் நிற்கும். ஏற்றதை ஏற்றதாகவும் முடித்ததை முடித்ததாகவும் குறிக்கலாம். எதுவும் விட்டுப்போகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக இல்லாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள்.

அவரிடம் சந்தா இருந்தால் 'ஷேர் ஃபார் ரிவ்யூ' இணைப்பையும் கேட்கலாம். உலாவியில் பக்கம் திறக்கும், அங்கேயே குறிப்பு எழுதலாம். அவர் பக்கத்தைத் திருத்தி இணைப்பைப் புதுப்பித்தால் நீங்கள் பார்ப்பதும் புதுசாகும். நீண்ட மலருக்கு எங்கள் ஓட்டு பிடிஎஃப்புக்கே: இணையம் இல்லாமல் வேலை நடக்கும், யார் எந்தச் சுற்றில் என்ன சொன்னார் என்பதற்குக் கோப்பே ஆதாரம்.

வேலையைத் தொடங்குமுன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பக்கம் யூனிகோடிலா, பழைய எழுத்துருவிலா? பழையது என்றால், பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்தால் ஆங்கிலக் குறிகளாக வரும். நீங்கள் குறிப்பில் யூனிகோடில் எழுதிய திருத்தத்தை அவர் அப்படியே வெட்டி ஒட்டினால், பக்கத்தில் அந்தச் சொல் மட்டும் பெட்டி பெட்டியாகவோ வேறு எழுத்துருவிலோ நிற்கும். அங்கே அவர் கையால் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லையேல் மாற்றியில் போட்டு எடுத்து ஒட்ட வேண்டும். கையால் தட்டினால் புதுப் பிழை நுழையும் என்பதால், இரண்டாம் சுற்றுப் பிடிஎஃப்பில் நீங்கள் திருத்திய வரிகளை மட்டுமாவது மறுபடி வாசித்துவிடுங்கள்.